கூறைக்குள் குண்டூசி

சேலை மடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களை, கலியாண மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வெள்ளவத்தையில் நான் முதலில் வேலை செய்த சேலைக் கடைக்குள் நிறுத்திவைத்துப் பார்க்க எனக்கு ஆசை. மூன்று குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் முன்னால் விரித்த சேலைகள் குவிந்து கிடக்கும். ஓர் அம்மா கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக் கனடாவில் இருக்கும் மகளுக்குக் காட்டுவார். அங்கே விடிந்தும் விடியாத நேரம். மகள் போர்வைக்குள் இருந்தபடியே, "அம்மா, அது மெரூனோ சிவப்போ?" என்பாள்.

"லைற்றாலை அப்பிடித் தெரியுது பிள்ளை" என்று அம்மா கைப்பேசியை என் முகத்துக்கு நேரே திருப்புவார். நான் மெரூன்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வேன். கனடா நம்பாது. பிறகு அந்தச் சேலையை வாசலுக்கு எடுத்துப்போய், காலி ஊருக்குப் போகிற பெருவீதியின் வெயிலில், பஸ் விடுகிற புகைக்கு நடுவில் விரித்துக் காட்ட வேண்டும். வீதியில் போகிறவர்கள் எல்லோரும் நின்று, மெரூன் என்று ஒரு கட்சியும் சிவப்பு என்று ஒரு கட்சியுமாகப் பிரிவார்கள். நாற்பது சேலை பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பிளவுஸ் துணியோடு குடும்பம் கிளம்பும்.

அதன் பிறகுதான் என் வேலை. விரித்த நாற்பதையும் யாரும் தொடவே இல்லை என்பதுபோல் திரும்ப மடிக்க வேண்டும். தறியிலிருந்து வந்தபோது எந்த இடத்தில் மடிந்திருந்ததோ அதே இடத்தில் மடிய வேண்டும், முந்தானை முகம் காட்ட வேண்டும், கரை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்த நான், மூன்று வருடத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழகியிருந்தேன். கூடவே "ஓம் அன்ரி" சொல்லவும் பழகியிருந்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் "ஆமா" என்கிற ஆட்கள். தாத்தா மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு இறங்கி வந்தவர். யாழ்ப்பாணத்து வழி வந்த வெள்ளவத்தை அன்ரிமாருக்கோ "ஆமா" என்றால் சேலையின் விலையிலேயே சந்தேகம் வந்துவிடும். ஆகவே காலையில் பஸ்ஸில் "ஆமா"வாக ஏறி, வெள்ளவத்தையில் "ஓம்" ஆக இறங்குவேன்.

மடித்து மடித்து அலுத்துப்போய், இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த மணப்பெண் அலங்காரக் கடைக்கு மாறினேன். அங்கே எனக்கு வாய் நிறையக் குண்டூசி. அலங்காரம் செய்யும் அக்கா கையை நீட்டுவார், நான் உதட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். கதைக்கவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் மண்டபமாக அலைந்தோம். ஆனால் மண்டபத்தில் நான் பார்த்தது உடுப்பு மாற்றுகிற அறையை மட்டும்தான். அத்தனை கலியாணத்துக்குப் போயும் ஒரு தாலி கட்டுவதைக் கண்ணால் கண்டதில்லை. கெட்டிமேளம் கதவைத் தாண்டிக் காதில் விழும்போது நான் உள்ளே குனிந்து, நிலத்தில் சிந்திய ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

அந்த அறையில்தான் எனக்கு அந்த யோசனை முளைத்தது. யாழ்ப்பாணத்து முறைக் கலியாணத்தில் மணமகள் முதலில் வேறொரு சேலையோடுதான் மணவறைக்கு வருவாள். நடுவில் மாப்பிள்ளை கூறைச்சேலையைக் கையில் கொடுப்பார். அவள் உள்ளே ஓடிவந்து அதை உடுத்துக்கொண்டு திரும்பிப்போன பிறகுதான் தாலி. முகூர்த்தம் கடந்துகொண்டே இருக்கும். கனத்த பட்டு, புத்தம் புதியது, மடிப்புக்கு அடங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். நாங்கள் கொசுவம் என்போம், அன்ரிமார் கொய்யகம் என்பார்கள். பெயர் எதுவானாலும் அது நழுவும். வெளியே கதவைத் தட்டுவார்கள். "இன்னும் முடியேல்லையோ?" பத்து நிமிடம் போனால் தட்டுகிற கைகள் நாலாகும். மணமகள் அழத் தொடங்குவாள், கண் மை ஓடும், அதைத் துடைக்க இன்னும் ஐந்து நிமிடம் போகும்.

இந்த மடிப்பை எல்லாம் முதல் நாளே எடுத்து, அயன் பண்ணி, ஊசி குத்திப் பெட்டியில் வைத்துவிட்டால் என்ன? பாவாடை கட்டுகிற மாதிரிச் சுற்றிக்கொண்டு போய்விடலாமே!

அயன் பண்ணத்தான் தெரியவில்லை. ஆசையாகப் பரீட்சித்த முதல் சேலை அம்மாவுடையது. முந்தானையில் அயன்பெட்டியின் வடிவத்தில் ஒரு பழுப்பு அடையாளம் விழுந்தது. அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. எனக்கோ வெறியே பிடித்துவிட்டது. கடலோரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சேலை மடிக்க ஆசை என்பதை மறைத்து, விருந்தோம்பல் துறையில் ஆர்வம் என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்தேன். ஆவி, சூடு, பட்டுக்கு மேலே போடுகிற மெல்லிய துணி, எந்த நூலுக்கு எத்தனை விநாடி, எல்லாம் அங்கே படித்தேன். நாலு வருடத்தில் அவர்கள் என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். ஓய்வு நாட்களில் நான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கம்பளி விரித்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு, மாதத்தில் மூன்று நாலு சேலை மடித்துக் கொடுத்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போவேன். யாராவது பெட்டியில் சாய்ந்தால் முறைப்பேன்.

இப்படி இருக்கும்போது ஒரே வாரத்தில் மூன்று சங்கதிகள் வந்து என்னைச் சுற்றிக்கொண்டன. ஹோட்டல்காரர்கள் மாலைதீவில் இருக்கும் தங்கள் விடுதிக்கு என்னைச் சலவைப் பொறுப்பாளராக அனுப்புவதாகச் சொன்னார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், திங்கட்கிழமை கையெழுத்து. அம்மா அன்றைக்கே எங்கள் தொடர்மாடியின் ஆறு வீட்டுக்கும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அடுத்ததாக, வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, தன் கடையின் முன் அறை காலியாகப் போகிறது, உனக்கு வேண்டுமா, திங்கட்கிழமைக்குள் சொல் என்றார். மூன்றாவதாக, அந்த வார ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த கலியாணம் ஒன்றுக்காகக் கனடாவிலிருந்து வந்து இறங்கியிருந்த மணமகளின் சித்தி என்னை அழைத்தார். ஏழு சேலை. அத்தோடு கூறையும்.

"போன கலியாணத்திலை எங்கடை அக்காவின்ரை மூத்தவள் கூறை உடுத்து வர முகூர்த்தமே முடியப் பாத்தது. ஐயர் மணிக்கூட்டையே பாத்துக்கொண்டிருந்தவர். உம்மட்டைத் தந்தால் எவ்வளவு நேரத்திலை உடுக்கலாம்?"

"மூண்டு நிமிசம் அன்ரி" என்றேன். வாய் என்னுடையது, நிமிடமும் என்னுடையது, யார் கேட்பது?

கூறை மாப்பிள்ளை வீட்டார் வாங்குவது. கலியாண நேரம் வரைக்கும் அவர்கள் வீட்டில்தான் இருக்கும். சித்தி மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஒரு செய்தி போட்டார். அந்த அக்கா என் வயதுக்காரி, துணிச்சல்காரி. தன் தாய்க்குத் தெரியாமல் அலுமாரியிலிருந்து கூறையை எடுத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓட்டோவில் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். அன்றிரவு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இந்தக் கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தால் மாலைதீவு இல்லை, ஒழுங்கை அறையை எடுக்கிறேன். ஏதாவது பிசகினால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்கப் பாடிக்கொண்டே மடித்தேன். கூறைக்கு மட்டும் பதினாலு குண்டூசி. ஆயிரம் பட்டுச் சேலை மடித்திருந்தும், இவ்வளவு அழகாக எதையும் நான் மடித்ததில்லை. படம் எடுத்து நானே பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

ஞாயிறு காலை மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனேன். கறுப்புச் சட்டை, மணிக்கட்டில் ஊசி குத்தி வைக்கிற சின்னப் பஞ்சு மெத்தை. ஏழு சேலையும் ஏழு பெண்களுக்கும் தைத்துப் போட்டதுபோல் உட்கார்ந்தது. சித்தி கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "எனக்கு இடுப்பு இருக்கெண்டே இண்டைக்குத்தான் தெரியும்" என்றார். நான் மிதந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அக்கா வந்தாள். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது என்ன அக்கா?"

"கூறை."

"இதையோ தட்டிலை வைக்கிறது?"

"எந்தத் தட்டு?"

அவள் தலையில் கை வைத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூறை நேரே மணமகளின் கைக்கு வருவதில்லை. ஐயர் அதைத் தாலியோடும் தேங்காயோடும் தட்டில் வைத்துப் பூசை செய்வார். பிறகு அந்தத் தட்டைச் சபை முழுக்கக் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை கொடுப்பதும் இவள் வாங்கிக்கொண்டு ஓடிவருவதும். நான் பார்த்ததெல்லாம் ஓடிவருகிற இடத்திலிருந்து! கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்கிறேனா?

பெட்டிக்குள் இருந்ததோ கடையில் எடுத்த புதுச் சேலையின் தோற்றமே இல்லாத ஒரு தடித்த சுருள். மடிப்பும் ஊசியுமாக, யாரோ இடுப்பிலிருந்து அப்படியே கழற்றி வைத்தது மாதிரி.

"அம்மா கண்டாவெண்டால் ஆரோ உடுத்துக் களைஞ்ச சீலை எண்டுதான் நினைப்பா" என்றாள் அவள். "இண்டைக்குக் கலியாணம் நடக்காது. என்ரை செத்த வீடுதான் நடக்கும்."

பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்தது. மணமகளின் மாலை விருந்துச் சேலையும் சிவப்புத்தான். அதைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டிவிட்டு, உள்ளே வந்ததும் மாற்றிவிடலாம். அரை விநாடிக்கு அது எனக்கு மகா புத்திசாலித்தனமாகத் தோன்றியது. அடுத்த அரை விநாடியில் முந்நூறு பேருடைய ஆசீர்வாதமும் விருந்துச் சேலைக்குப் போய்ச் சேருவதை நினைத்துப் பார்த்தேன். "ஐயோ வேணாம், பாவம்" என்றேன். "எனக்குப் பத்து நிமிசம் தாங்க." பதற்றத்தில் "ஓம்", "அன்ரி" எல்லாம் என்னைவிட்டுப் பறந்துபோய், கொட்டாஞ்சேனை முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டேன். ஊசிகளை உருவினேன். கூறையை விரித்தேன். பிறகு கை தானாக ஓடியது. கரையோடு கரை, பாதியில் பாதி, முந்தானை மேலே. சேலைக் கடை முதலாளி வந்து நின்றிருந்தாலும் இது விரித்த சேலை என்று கண்டுபிடித்திருக்க மாட்டார். எட்டாவது நிமிடத்தில் அவள் அதைக் கொண்டு ஓடினாள். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தேன். ஊசிகளை எண்ணினேன். பதின்மூன்று.

திரும்ப எண்ணினேன். மேசைக்கடியில் தேடினேன். சப்பாத்துக்குள் தேடினேன். வாயில் இருக்கிறதோ என்றுகூடத் தடவிப் பார்த்தேன். பதின்மூன்றுதான்.

முதல் தடவையாக உடுப்பு மாற்றுகிற அறையின் கதவைத் திறந்துகொண்டு மண்டபத்துக்குள் ஓடினேன். தட்டு ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. மாப்பிள்ளையின் அக்காதான் தூக்கிக்கொண்டு வந்தாள், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் பக்கத்தில் போய்க் காதுக்குள் சொன்னேன்.

"ஒரு குண்டூசி குறையுது."

தட்டு ஓர் ஆட்டம் ஆடி நின்றது. முன்னால் வீடியோக்காரரின் விளக்கு. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக எல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தவும் முடியாது, சேலையை உதறவும் முடியாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். ஆட்கள் கையை நீட்டும்போதெல்லாம் தட்டைத் திருப்பி, "தேங்காயைத் தொடுங்கோ மாமா, தேங்காயைத் தொடுங்கோ" என்றாள். மாமாமார் பிரச்சினை இல்லை. ஏதாவது ஒன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினால் போதும் அவர்களுக்கு. மாமிமார்தான் உயிரை எடுத்தார்கள். தேங்காயைத் தொட்டுவிட்டு, "என்ன பட்டு இது?" என்று கரையைப் பிடித்துத் தேய்ப்பார்கள். "எங்கை எடுத்தது? இந்தியாவோ இங்கையோ?" ஒருவர் உள்மடிப்பைக்கூடத் தூக்கிப் பார்த்தார். அதே நேரம் வயிற்றுக்குள் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது, அதையும் அடக்க வேண்டியிருந்தது. முந்நூறு பேர் ஒரு குண்டூசியைத் தடவிக்கொடுத்து ஆசீர்வதித்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த விஷயம் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

கடைசியாகத் தட்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனது. அவர் தேங்காய்ப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் கூறையின் மேல் வைத்து, கண்ணை மூடி, மனதுக்குள் ஏதோ சொல்லி, அழுத்தினார்.

புருவம் இரண்டும் மேலே போயின. கண் திறந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. விளக்கு முகத்தில் அடிக்க, புன்னகை மாறாமல், வலது கை மட்டும் மெதுவாக மடிப்புக்குள் போய் எதையோ உருவி எடுத்து மூடிக்கொண்டது. தட்டு மணவறைக்குப் போய்விட்டது. அவர் சுற்றிலும் பார்த்தார். இரண்டடி தள்ளி, கறுப்புச் சட்டையோடு, மணிக்கட்டில் ஊசி மெத்தையோடு நான் நின்றேன்.

நல்லவேளையாக மணமகள் கூறையோடு ஓடிவந்துவிட்டாள், நானும் அவள் பின்னால் ஓடினேன். உள்ளே போனதும் இன்னொரு பயம். ஊசி எல்லாம் உருவியாயிற்று, மடிப்பு எல்லாம் விரித்தாயிற்று, இனி முதலில் இருந்தா? சேலையைச் சுற்றிக் கொசுவத்தைக் கையில் எடுத்தேன். நான் அயன் பண்ணிய கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு மடிப்பைப் பிடித்தால் அடுத்தது தானாக வந்து விரலில் விழுந்தது. ஒரு ஊசிகூடத் தேவைப்படவில்லை! இடுப்பில் செருகி, முந்தானையைத் தோளில் போட்டபோது நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. கதவைத் தட்ட ஆள் வருவதற்கு முன்பே மணமகள் வெளியே போய்விட்டாள். அவளை அவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்காத ஐயர் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அன்றைக்கு நான் உள்ளே திரும்பவில்லை. கதவுநிலையில் சாய்ந்துகொண்டு முதன்முதலாக ஒரு தாலி கட்டுவதைப் பார்த்தேன். மேளம் என் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. மணமகளின் பெயரைக்கூட நான் சரியாக ஞாபகம் வைத்திருக்கவில்லை, ஆனாலும் பொலபொலவென்று அழுதேன்.

சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பிடித்தார். மகளும் பின்னாலேயே வந்து நின்றாள். அவர் கையை விரித்தார். உள்ளங்கையில் என் பதினாலாவது குண்டூசி.

"இது ஆற்றை வேலை? ஆர் செய்தது?"

என் வாயிலிருந்து வந்ததைக் கேளுங்கள். "முதலாளியிட்டைக் கேட்டுச் சொல்லுறன் அன்ரி" என்றேன்.

நான் யோசித்துச் சொன்னது அல்ல. சேலைக் கடையில் சாயம் போனால் அதைத்தான் சொன்னேன். அலங்காரக் கடையில் பூ வாடினாலும் அதுதான். ஹோட்டலில் விருந்தாளியின் சட்டை சுருங்கினால் அதையே மூன்று மொழியில் சொன்னேன். எட்டு வருடமாக எந்தக் குறைக்கும் என் பதில் அதுதான். சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பேன், பிறகு யாரோ வந்து பார்த்துக்கொள்வார்கள்.

"கூப்பிடு உன்ரை முதலாளியை. எங்கை நிக்கிறா?"

நான் உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன். உடுப்பு மாற்றுகிற அறையின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வெற்றுப் பெட்டி, என் கைப்பை, நாலு பிளாஸ்டிக் கதிரை. வேறு யாரும் இல்லை.

"நான்தான் அன்ரி."

"என்ன, நான்தான்?"

"முதலாளி நான்தான். கூறைய முன்னாலயே மடிச்சு ஊசி குத்தி வச்சதும் நான்தான். தட்டுல வச்சு எல்லாரும் தொடுவாங்கன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. அவசரமாத் திரும்ப மடிச்சதுல ஒண்ணு விட்டுப்போச்சு. எம்மேலதான் பிழை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "அலுமாரிக்கை இருந்த கூறை கால் முளைச்சுப் போயிருக்காது. உன்னோடை நான் வீட்டை போய்க் கதைக்கிறன்." மகள் சாப்பாட்டு அறைக்குள் மறைந்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தொடங்கினார்.

"கூறை எண்டால் என்னெண்டு தெரியுமோ உனக்கு? மற்றச் சீலையைப் போல நினைச்சியோ? என்ரை கையிலை குத்தினது பரவாயில்லை. பொம்பிளையின்ரை கையிலை குத்தியிருந்தால்? தாலி கட்டுற நேரத்திலை ஒரு சொட்டு ரத்தம் கண்டால் சபை என்ன கதைக்கும்? நாளைக்கு அதுகளுக்குள்ளை ஒரு சின்னச் சண்டை வந்தாலும் எனக்கு இந்த ஊசிதானே ஞாபகம் வரும்!"

கடைசி வசனத்தில் அவர் குரல் உடைந்தது. அதுதான் எனக்கு நேரே வந்து பட்டது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்று தலையை ஆட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வெட்கத்துக்கு நடுவிலும் என் தலை கிறுகிறுத்தது, காரணம் வேறு. எட்டு வருடம் வாங்கிய ஏச்சு எல்லாம் யாரோ ஒருவருடைய ஏச்சு. நான் இடையில் நின்று வாங்கி மேலே அனுப்புகிறவள். இதை அனுப்ப மேலே யாரும் இல்லை. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் முழுக்க எனக்கே எனக்கு. இப்படிச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாவது பந்தி உட்காரும் வரைக்கும் ஏசினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியோ?" என்றார்.

"இல்லை அன்ரி."

"போய்ச் சாப்பிடு. பாயாசம் முடியப் போகுது."

சாப்பிட்டேன். பாயாசம் இரண்டு தரம். கனடாச் சித்திக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. தன் தங்கை மகளின் கலியாணத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவதாகக் காலையில் சொன்னவர், போகும்போது "பாப்பம்" என்றார். வெள்ளவத்தையில் "பாப்பம்" என்றால் பார்க்க மாட்டார்கள்.

ஆக, நான் எனக்குப் போட்ட சட்டப்படி கலியாணம் பிசகிவிட்டது. மாலைதீவுதான். பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் தலைக்குள் ஓடியது வேறு. ஊசியே வேண்டாம். கோடு மட்டும் போட்டு, புதுச் சேலை மாதிரியே மடித்துக் கொடுக்கலாம். தட்டில் வைக்கலாம், யாரும் தொடலாம், யாருக்கும் குத்தாது. சூட்டை இன்னும் கொஞ்சம் கூட்டினால் கோடு இன்னும் நன்றாக நிற்கும். ஹோட்டலில் இப்படி ஒரு யோசனை வந்தால் நாலு பேரிடம் கேட்க வேண்டும், ஐந்தாவது ஆள் லீவில் இருப்பார். இதை நாளைக் காலையிலேயே செய்து பார்க்கலாம். தேங்காயைத் தொடுங்கோ மாமா என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீற்றுக்குப் போய்விட்டாள். பஸ் கொட்டாஞ்சேனைக்கு வருவதற்குள் நான் தையல் கடை அக்காவுக்கு, அறை எனக்குத்தான் என்று செய்தி போட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"மாலதீவுக்குப் போகலம்மா."

"என்னாடி சொல்ற? ஆறு வீட்லயும் சொல்லிட்டேனே!"

"ஆறு வீட்லயும் போய் இல்லன்னு சொல்லுங்க."

"அத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றவர், மீனைத் திருப்ப மறந்து கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். பயந்திருந்தார் என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான். மீன் கருகியது. அதற்கும் எனக்குத்தான் ஏச்சு.

திங்கட்கிழமை ஆளணிப் பிரிவு அதிகாரி ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளிப் பேனையையும் திறந்து வைத்தார். நல்ல மனிதர், என்னைச் சிபாரிசு செய்தவரே அவர்தான். நான் மன்னிக்கச் சொல்லிப் பேனையை மூடி வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். எங்கே? வெள்ளவத்தையில். சின்ன இடமா? மிகச் சின்ன இடம்.

அவர் கதிரையில் சாய்ந்து, என்மேல் உள்ள அக்கறையில், "பொஸ் ஹொந்தத?" என்று கேட்டார். முதலாளி நல்ல ஆளா என்று.

நான் நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். பிறகு, இன்னும் தெரியாது சேர், இன்றைக்குத்தான் வேலைக்குச் சேருகிறேன் என்றேன்.